சுரங்கத்து அமிலத் தண்ணீரிலிருந்து செம்பு எடுப்பது எப்படி

கைவிட்ட செம்புச் சுரங்கத்தில் தண்ணீர் தேங்கினால், பாறையில் இருக்கும் இரும்பு சல்பைடு (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டு அமிலமாகி, மிச்சமிருக்கும் செம்பையும் கரைத்துக்கொண்டு வந்துவிடும். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து பியூட் நகரில், 1982-ல் பம்புகளை நிறுத்தியதும் பெர்க்லி குழி இப்படித்தான் ஏரியானது. 1995 நவம்பரில் அதில் இறங்கிய 342 பனிவாத்துகள் செத்தன. அதே தண்ணீரைப் பின்னாளில் பழைய இரும்பின் மேல் ஓடவிட்டு செம்பு எடுத்தார்கள்.

நடப்பது என்னவென்று பார்க்க, மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலில், உப்புத்தாளால் தேய்த்த ஒரு இரும்பு ஆணியைப் போடுங்கள். சீக்கிரமே ஆணிமேல் செம்பு படிந்து சிவக்கும், இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போகும்.

பெரிய அளவில் செய்யுமுன் தண்ணீரை லேபில் கொடுத்து செம்பு, இரும்பு, ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள், பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) எல்லாம் பாருங்கள். ஆர்செனிக் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் அமிலமும் இரும்பும் சேரும் இடத்தில் ஆர்சைன் வாயு கிளம்பி ஆளைக் கொன்றுவிடும். இது வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலையே இல்லை, அனுமதியும் விவரம் தெரிந்த பொறியாளரும் வேண்டும்.

சரி, இரும்புக்கு வருவோம். தடிமனான கம்பியைவிட, எண்ணெயும் பெயின்டும் போகச் சுட்டெடுத்த மெல்லிய இரும்புத் தகரத் துண்டுதான் நல்லது, பரப்பு அதிகம். சாய்வான தொட்டியில் மரச்சட்டம் வைத்து அதன்மேல் தகரத்தைப் போட்டால், உதிரும் செம்புச் சேறு அடியில் தங்கும். அவ்வப்போது தகரத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சேற்றைத் தெளியவைத்து வடித்து உலர்த்துங்கள். அதில் இரும்பு கலந்திருக்கும், அதனால் உருக்காலைக்குத்தான் போக வேண்டும்.

கணக்குப்படி 1 கிலோ செம்புக்கு சுமார் 880 கிராம் இரும்பு போதும். நடைமுறையில் கூடுதலாகவே செலவாகும், காரணம் தண்ணீரிலுள்ள ஃபெர்ரிக் இரும்பும் (கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றமடைந்த வடிவம்) அமிலமும் தகரத்தைத் தின்கின்றன. அதனால் தண்ணீரைக் குட்டையில் போட்டு நாள்கணக்கில் காற்றாட விடாதீர்கள், பாக்டீரியா அதில் கரைந்த இரும்பை ஃபெர்ரிக்காக மாற்றிவிடும்.

அப்புறம், செம்பு போய்விட்டதே என்று அந்தத் தண்ணீரை ஆற்றில் விடவே கூடாது! இப்போது அதில் முன்பைவிட இரும்பு அதிகம், துத்தநாகமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் தொடாமல் அப்படியே கிடக்கின்றன. காற்று ஊதி, சுண்ணாம்பு சேர்த்து பி.எச்.-ஐ 9 பக்கம் ஏற்றினால் அவை பெருமளவு கீழே படியும். சுண்ணாம்பை முதலிலேயே போட்டால் செம்பும் அந்தச் சேற்றோடு போய்விடும், எனவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். படிந்த சேற்றை அடியில் கசியாத விரிப்பு போட்ட குழியில், மழை படாமல் வையுங்கள்.