பர்ச்சேஸ் மேனேஜர் கண்ணில் படும்படி லிங்க்ட்இன்னில் எழுதுவது எப்படி

மதுரையின் கப்பலூர், கே.புதூர் சிட்கோ தொழிற்பேட்டைகளில் உள்ள பல யூனிட்கள் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் ஓசூர், ஒரகடம், கோயம்புத்தூர் கம்பெனிகளின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டுக்கு அவற்றின் பெயரே தெரியாது. இந்த இடைவெளியை நிரப்ப, தொழில் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன் உதவும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். உங்கள் போஸ்ட்டைப் படித்த அன்றே யாரும் சப்ளையரை மாற்ற மாட்டார்கள். இப்போதைய சப்ளையர் டெலிவரியில் சொதப்பும் நாளில், "இந்த வேலை தெரிந்த ஒரு ஆள் மதுரையில் இருக்கிறாரே" என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். போஸ்ட் எழுதுவது அந்த நாளுக்காகத்தான்.

இங்கே ரப்பர் மோல்டிங் யூனிட் ஒன்றை உதாரணமாக வைத்துச் சொல்கிறோம். மெஷினிங், பேக்கேஜிங், சாஃப்ட்வேர் என்று எந்தத் தொழிலாக இருந்தாலும் முறை இதுதான்.

போஸ்ட் போடுவதற்கு முன் ப்ரொஃபைலைச் சரி செய்யுங்கள். போஸ்ட் பிடித்தவர் அடுத்து அங்கேதான் வருவார். பெயருக்குக் கீழே "மேனேஜிங் பார்ட்னர்" என்று மட்டும் இருந்தால் அவருக்கு எதுவும் விளங்காது. "பம்பு, வால்வு தயாரிப்பாளர்களுக்கு ஓ-ரிங், கேஸ்கெட், டயாஃப்ரம் | என்.பி.ஆர், ஈ.பி.டி.எம், சிலிகோன் | கப்பலூர், மதுரை" என்று இருந்தால் என்ன பாகம், என்ன ரப்பர் வகை, எந்த ஊர் என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும். அந்த வரிக்கு 220 எழுத்துகள்தான் வரம்பு. தமிழில் எழுதினால் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் சேரும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாங்குபவர்கள் வெளிமாநிலத்திலும் இருந்தால் ப்ரொஃபைலை ஆங்கிலத்தில் வையுங்கள். தமிழ்நாட்டு முதலாளிகளை மனதில் வைத்து எழுதும் போஸ்ட்களைத் தமிழில் போடலாம். கம்பெனி பேஜ் ஒன்று இருக்கட்டும், ஆனால் போஸ்ட்களை உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே போடுங்கள். லோகோவோடு யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, ஆளோடுதான் பேசுவார்கள்.

எதைப் பற்றி எழுதுவது?

கஸ்டமர் போனில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைப் பத்து நாள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கான சரக்கு அதிலேயே கிடைத்துவிடும். குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, டை (அச்சு) செய்ய எத்தனை நாள், ரப்பரின் கடினத்தன்மை ஷோர் ஏ 60 போதுமா 70 வேண்டுமா, கப்பலூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு கேள்வியும் ஒரு போஸ்ட். "தரமே எங்கள் தாரக மந்திரம்" போன்ற வரிகளை விட்டுவிடுங்கள். எல்லாரும் அதையே சொல்வதால் யார் காதிலும் ஏறுவதில்லை.

ஒரு போஸ்ட் இப்படி இருக்கலாம்:

"கேஸ்கெட் ஊதிப்போய் ஃபிளேஞ்சுக்கு வெளியே பிதுங்கி நிற்கிறதா? லைனில் ஓடுவது மினரல் ஆயிலா என்று பாருங்கள். ஈ.பி.டி.எம் வெந்நீரையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும், ஆனால் மினரல் ஆயில் பட்டால் உப்பிவிடும். அந்த இடத்துக்கு என்.பி.ஆர்தான் சரி. என்.பி.ஆருக்கும் ஒரு குறை உண்டு. வெயிலிலும் ஓசோனிலும் கிடந்தால் நாளடைவில் மேலே வெடிப்பு விழும். லைனில் ஓடும் திரவம் என்ன, வெப்பம் எவ்வளவு, உள்ளேயா வெளியேயா, இந்த மூன்றும் தெரிந்தால் ரப்பரைத் தேர்ந்தெடுத்துவிடலாம். குழப்பமாக இருந்தால் மெசேஜ் பண்ணுங்கள்."

முதல் வரியைக் கவனியுங்கள். மெயின்டனன்ஸ் ஆள் வந்து பர்ச்சேஸ் மேனேஜரிடம் சொல்லும் புகார் அப்படியே அதில் இருக்கிறது. லிங்க்ட்இன்னில் ஒரு போஸ்ட்டுக்கு 3,000 எழுத்துகள் வரை இடம் உண்டு, ஆனால் திரையில் முதலில் தெரிவது இரண்டு மூன்று வரிதான். மீதியைப் படிக்க அவர் விரலால் தட்ட வேண்டும். "வணக்கம், இன்று நாம் பார்க்கப்போவது" என்று தொடங்கினால் அந்த இடம் வீணாகிவிடும். இன்னொன்றும் பாருங்கள். என்.பி.ஆரின் குறையையும் அந்தப் போஸ்ட் மறைக்கவில்லை. குறையைச் சொல்பவரைத்தான் இன்ஜினியர்கள் நம்புவார்கள்.

போட்டோ விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கறுப்பு ரப்பரைக் கறுப்பு மேசையில் வைத்து ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டுதான் தெரியும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, காலையில் ஷட்டர் பக்கத்து வெளிச்சத்தில், பழுப்பு நிறப் பேக்கிங் பேப்பர் மேல் வைத்து எடுங்கள். பார்ட்டில் மோல்டு ரிலீஸ் (ரப்பர் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசுவது) பளபளப்பு இருந்தால் துடைத்துவிடுங்கள், போன் லென்ஸையும் சேர்த்து. அளவு புரிய ஒரு ஸ்கேலோ வெர்னியரோ பக்கத்தில் இருக்கட்டும். ஆயுத பூஜைக்கு ஷாப் ஃப்ளோர் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருக்கும். பூஜைச் சாமான்களை அடுக்குவதற்கு முன்னாலேயே மெஷின்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பல மாதத்துக்கு உதவும்.

படத்தை ஏற்றுவதற்கு முன் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னால் சுவரில் கஸ்டமர் டிராயிங் தொங்குகிறதா, டிரேயில் பார்ட் நம்பர் தெரிகிறதா, பெட்டியில் கம்பெனி பெயர் இருக்கிறதா? ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கும் கஸ்டமருக்கு இது தெரிந்தால் இருக்கிற ஆர்டரும் போய்விடும். கஸ்டமர் பெயரைப் போட வேண்டுமானால் ஈமெயிலில் எழுத்தாக அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் "கோவை பம்பு தயாரிப்பாளர் ஒருவர்" என்று எழுதினால் போதும்.

விளக்கம் நீளமானால் பி.டி.எஃப் ஆக ஏற்றுங்கள். 1080-க்கு 1350 பிக்சலில் ஐந்தாறு பக்கம், பக்கத்துக்கு ஒரே விஷயம், போனில் கண்ணைச் சுருக்காமல் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்து. கடைசிப் பக்கத்தில் கோட்டேஷனுக்கு என்னென்ன அனுப்ப வேண்டும் என்று போடுங்கள்: டிராயிங், ரப்பர் வகை, ஹார்ட்னஸ், ஆண்டுத் தேவை, வேலை செய்யும் வெப்பம். இந்தப் பக்கத்தைச் சேமித்து வைப்பவர் பெரும்பாலும் உண்மையிலேயே வாங்கக்கூடியவர்.

வாரத்துக்கு இரண்டு போதும், ஆனால் விடாமல் வர வேண்டும். அலுவலகம் தொடங்கும் நேரம் நல்லது. மாதக் கடைசியைத் தவிருங்கள், அப்போது பர்ச்சேஸில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. பொங்கல், தீபாவளி வாழ்த்துகள் போடலாம், லைக் வரும், என்கொயரி வராது. முப்பது பேரை டேக் செய்யும் பழக்கம் வேண்டாம். எரிச்சலில் உங்களை மறைத்துவிடுவார்கள்.

கமென்ட் வந்தால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள். விலை கேட்டால் மட்டும் கமென்ட்டில் சொல்லாதீர்கள், போட்டியாளரும் அங்கே இருக்கிறார். "வேலை பார்த்துத்தான் விலை சொல்ல முடியும் சார், மெசேஜில் வருகிறேன்" என்று எழுதிவிட்டு உடனே மெசேஜுக்குப் போங்கள். புதியவருக்கு அழைப்பு அனுப்பும்போது கேட்டலாக்கைத் திணிக்காதீர்கள். "வணக்கம் சார், கேஸ்கெட் போஸ்ட்டில் நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நாங்கள் கப்பலூரில் ரப்பர் பார்ட்ஸ் செய்கிறோம், தொடர்பில் இருக்கலாமா?" இவ்வளவு போதும். முன்பின் தெரியாதவர்களுக்குக் கும்பலாக அழைப்பு அனுப்பினால் லிங்க்ட்இன் கணக்கையே கட்டுப்படுத்திவிடும். இலவசக் கணக்கில் குறிப்பு எழுதி அனுப்பும் அழைப்புகளுக்கு மாத வரம்பும் உண்டு. அந்த அழைப்புகளை, சரக்கு வாங்கக்கூடியவர்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர்களும் வக்கீல்களும் இதை அப்படியே செய்யக் கூடாது. கஸ்டமர் பிடிப்பதற்கான விளம்பரத்தைப் பட்டயக் கணக்காளர்களுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டமும், வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதி 36-உம் தடுக்கின்றன. எழுதுவதற்கு முன் தங்கள் அமைப்பின் இன்றைய விதிகளைப் படித்துவிட வேண்டும்.

லைக் எண்ணிக்கையைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். இருபது லைக்கில் ஒன்று ஒரு பம்பு கம்பெனிக்குப் புதிய சப்ளையர்களைத் தேடும் வெண்டர் டெவலப்மென்ட் ஆளுடையதாக இருந்தால் அது நல்ல போஸ்ட். வாரம் ஒரு முறை லைக் போட்டவர்களின் பதவியைப் பாருங்கள், வேண்டியவர்களை நோட்டில் குறியுங்கள். புதிதாகப் போன் செய்பவரிடம் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது சார்?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள். சாம்பிள், அப்ரூவல், ட்ரயல் லாட் என்று ஒரு ஆர்டர் வருவதற்கே மாதங்கள் ஆகும். மூன்று மாதமாவது விடாமல் எழுதாமல் பலன் கிடைத்ததா என்று கணக்குப் பார்க்காதீர்கள். நல்ல கேள்விகளைக் கொண்டுவந்த போஸ்ட்டை நான்கு மாதம் கழித்து வேறு படத்தோடு, முதல் வரியை மட்டும் மாற்றி மறுபடி போடுங்கள். இடையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.