மலைக் கொரில்லா பார்க்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் தொண்டையைப் பாருங்கள்

உகாண்டாவின் பிவிண்டி காட்டுக்குப் போகிறவர்கள் எந்த கேமரா எடுத்துப் போகலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேமரா அப்புறம். சளி இருக்கிறதா, தொண்டை கரகரக்கிறதா, அதைப் பாருங்கள். நமக்கு நான்கு நாளில் போய்விடுகிற சளி கொரில்லாவுக்கு நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம், ஏனென்றால் நம் மரபணுவும் அதன் மரபணுவும் ஏறக்குறைய 98 சதவீதம் ஒன்று, நம் கிருமி அதற்கும் சுலபமாகத் தொற்றும், அதை எதிர்த்து நிற்கத்தான் அதன் உடம்பு பழகவில்லை. உகாண்டா, ருவாண்டா, காங்கோ எல்லையில் இருக்கிற விருங்கா எரிமலைப் பக்கம் 2015-16 கணக்கெடுப்பில் 604, பிவிண்டி பக்கம் 2018இல் 459, உலகத்தில் மலைக் கொரில்லா என்று எண்ணிப் பார்த்தது அவ்வளவுதான். அதனால் உடம்பு சரியில்லை என்றால், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும், வனக்காவலரிடம் உண்மையைச் சொல்லி நின்றுவிடுங்கள். நலமாக இருந்தாலும் முகக்கவசம் கட்டாயம்.

சரி, கொரில்லா பார்க்க வாங்க வேண்டிய பெர்மிட். உகாண்டாவில் வெளிநாட்டவருக்கு 2024 ஜூலையிலிருந்து 800 டாலர், ருவாண்டாவில் 1,500. ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளொன்றுக்கு எட்டு பேர், ஒரு மணி நேரம், 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. பிவிண்டியில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, என்குரிங்கோ என்று நான்கு நுழைவுப் பக்கங்கள் இருக்கின்றன, உங்கள் பெர்மிட் இதில் ஒன்றுக்குத்தான் செல்லும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மலைப்பாதையில் மணிக்கணக்கில் ஆகும், ஆகவே பெர்மிட் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகே அறை போடுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். இந்தியா திரும்பும்போதும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

உடை விஷயத்தில் இரண்டே இரண்டு: பேன்ட்டின் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள், எறும்பு ஏறும், தடித்த கையுறை போடுங்கள். வழுக்கும்போது பிடிக்கக் கிடைக்கிற செடி பெரும்பாலும் நம்மூர் செந்தட்டி மாதிரி அரித்துத் தள்ளுகிற இனம். அதே செடியைக் கொரில்லா இலை இலையாகச் சாப்பிடும்.

தேடுவது எப்படி என்று தெரிந்தால் அந்த நடை சுவையாகிவிடும். பால்குடி மறந்த ஒவ்வொரு கொரில்லாவும் தினமும் சாயங்காலம் இலைதழையை வளைத்துத் தனக்கென்று புதிதாக ஒரு படுக்கை போடும், குட்டி அம்மாவோடு படுக்கும். தடம் பார்க்கிறவர்கள் விடியற்காலையில் நேற்றைய படுக்கைகளில் ஆரம்பித்து, முறிந்த தண்டையும் சாணத்தையும் பார்த்துக்கொண்டே போவார்கள். உங்களுக்கு ஒரு படுக்கையைக் காட்டினால் நின்று பாருங்கள். எத்தனை படுக்கை, எவ்வளவு பெரிய சாணம் என்பதை வைத்தே குடும்பத்தில் எத்தனை பேர், யார் பெரியவர் என்று சொல்லிவிடுவார்கள்.

கிட்டே போனதும் முதலில் ஆண் தலைவனைக் கண்டுபிடியுங்கள். 12, 13 வயதில் முதுகில் வெள்ளி நிறம் படர்ந்துவிடும், அதனால்தான் சில்வர்பேக் என்கிறார்கள். எடை பெண்ணைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடும்பம் எப்போது நகரும், எங்கே உட்காரும் எல்லாம் அவன் முடிவு, ஆகவே அவன் அமைதியாக இருந்தால் எல்லோரும் அமைதி. காட்டுச் செலரி என்கிற செடியின் தண்டு ஒன்றைப் பிடுங்கி, பல்லால் நார்ப்பட்டையை நீளவாக்கில் உரித்துத் துப்பிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையை மட்டும் கடிப்பான், நாம் கரும்பு உரிப்பது போலவே. அந்த நேரம் தொண்டையைச் செருமுவது போல ‘ம்ம்...ம்’ என்று ஆழமாக ஒரு சத்தம் வரும். எல்லாம் நலம் என்று அர்த்தம். வழிகாட்டியும் அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுப்பார், அதைக் கவனித்துக் கேளுங்கள்.

உதட்டை இறுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றால் அவனுக்கு ஏதோ பிடிக்கவில்லை. மார்பில் அறைவது முஷ்டியால் இல்லை, குவித்த உள்ளங்கையால். அந்த ஒலி காட்டுக்குள் ரொம்ப தூரம் போகும், உடம்பு பெரிதாக இருந்தால் ஒலியும் கனமாக விழும், பார்க்காமலேயே மற்ற ஆண்கள் இவன் எவ்வளவு பெரியவன் என்று தெரிந்துகொள்ள முடியும். உங்களை நோக்கிப் பாய்ந்து வந்தாலும் பெரும்பாலும் அது மிரட்டல்தான். ஓடாதீர்கள். குனிந்து, கண்ணைத் தாழ்த்தி, வழிகாட்டி சொல்கிற வரைக்கும் அப்படியே இருங்கள். நேருக்கு நேர் முறைப்பது அவனுக்குச் சவால்.

பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஃப்ளாஷ் கூடாது. ஆனால் குட்டிகளுக்கு இந்த விதி தெரியாதே, ஆர்வத்தில் அவை உங்கள் காலடி வரைக்கும் வந்துவிடும். அப்போது கையை நீட்டத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு, மூச்சை வேறு பக்கம் திருப்பி, மெதுவாகப் பின்னால் நகருங்கள்.