கொலஸ்ட்ரால் 112 என்று வந்தால்

போன தை மாதம் அப்பாவின் ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 112. "200க்குக் கீழேதானே, நல்லதுதான்" என்றார் லேபில் இருந்தவர். அப்பாவுக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டு மாமாவிடம் போய்க் காட்டிவிட்டு வந்தார்.

எனக்கு உறுத்தியது. பீரோவைக் குடைந்து பழைய ஃபைலை எடுத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் 186. நடுவில் மாத்திரை கிடையாது, சாப்பாடும் அதே சாப்பாடு.

நீங்களும் முதலில் பழைய ரிப்போர்ட்டைத்தான் தேட வேண்டும். பரம்பரையாகவே அளவு குறைவாக உள்ளவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருப்பார்கள். காரணமில்லாமல் இறங்கியிருந்தால்தான் கேள்வி. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவருக்கு இறங்கினால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். பயந்துபோய் நீங்களாக நிறுத்தாதீர்கள். காய்ச்சலில் படுத்து எழுந்தவரா? சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள், நோயிலும் இறங்கும்.

அப்புறம் ஆளைப் பாருங்கள். எடை, பசி, வயிற்றுப்போக்கு, படபடப்பு. அப்பாவுக்குச் சட்டைக் காலர் தொளதொளவென்று ஆகியிருந்தது. காபி டம்ளர் கையில் ஆடியது. மார்கழியிலும் ஃபேன் முழு வேகத்தில்! இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, இரண்டு ரிப்போர்ட்டோடும் டாக்டரிடம் கொடுத்தேன். தைராய்டு, கல்லீரல், ரத்தசோகை, அல்புமின் என்ற ரத்தப் புரதம் எல்லாம் பார்க்கச் சொன்னார். தைராய்டு தறிகெட்டுச் சுரந்துகொண்டிருந்தது. அது கூடினால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலை வேகமாக இழுத்துக்கொள்ளுமாம்.

"கொலஸ்ட்ரால் குறைந்தால் புற்றுநோய் வரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதைத் தலைகீழாகப் படியுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் நோய்தான் பல நேரம் அளவை இறக்குகிறது. ஸ்டாட்டினால் அளவைக் குறைத்த பெரிய ஆய்வுகளில் புற்றுநோய் கூடவில்லை.

கொலஸ்ட்ரால் குறைந்தவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்பதை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் சுமார் 3,50,000 ஆண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1989இல் வெளியானது. 160க்குக் கீழே இருந்தவர்களிடம் மூளை ரத்தக்கசிவால் வந்த சாவு மற்றவர்களைப் போல் மூன்று மடங்கு; அதுவும் கீழ் பிரஷர் 90ஐத் தொட்டவர்களிடம்தான். ஆகவே அளவு குறைவு என்றால் பிரஷரையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மருந்து ஆரம்பித்து நாலு மாதத்தில் அப்பாவுக்கு 171. "ஏறிடுச்சேம்மா" என்றார். இந்த ரிப்போர்ட்டை மாமாவிடம் காட்டவில்லை.