லைனில் நன்றி சொல்வது எப்படி: 'சூப்பர்'னு சொன்னா போதாது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் (தையல் மெஷின் வரிசை) சூப்பர்வைசராக இருந்தபோது வாயைத் திறந்து நன்றி சொன்னது வருஷத்துக்கு ஒரே தரம்தான். ஆயுத பூஜை அன்று, எல்லோருக்கும் மொத்தமாக, பொரி கடலைப் பொட்டலத்தோடு. மற்ற நாளெல்லாம் எத்தனை பீஸ் ஆச்சு, எத்தனை டேமேஜ், இவ்வளவுதான் பேச்சு.

நமக்கு கூச்சம், அதுதான் காரணம். 'நன்றி' என்றாலே மைக் பிடித்து நன்றியுரை வாசிப்பது மாதிரி இருக்கிறது. ஆனால் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் எதிரில் இருப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அதிகமாகவே பயந்திருக்கிறார்கள், கடிதம் கிடைத்தவர்களோ இவர்கள் நினைத்ததைவிட நிறையவே சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

2010இல் ஆடம் கிராண்டும் ஃபிரான்செஸ்கா ஜினோவும் வெளியிட்ட இன்னொரு ஆய்வை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்காக போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்களில் ஒரு குழுவிடம் மட்டும் இயக்குநர் நேரில் வந்து நன்றி சொன்னார், அடுத்த வாரம் அவர்கள் பேசிய அழைப்புகள் 50 சதவீதத்துக்கு மேல் கூடின. (ஜினோவின் வேறு ஆய்வுகளில் தரவு பற்றிப் புகார் எழுந்து 2025இல் ஹார்வர்டு அவருடைய நிரந்தரப் பதவியையே ரத்து செய்தது, அதனால் அந்த 50ஐ நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்வதில்லை.) எனக்குப் பிடித்தது அதற்கு அவர்கள் சொன்ன காரணம்: 'எனக்கு வேலை தெரியும்' என்ற எண்ணத்தால் இல்லையாம், 'நான் இங்கே வேண்டியவள்' என்ற எண்ணத்தால்தானாம்.

சரி, எப்படிச் சொல்வது? அந்தச் சொல் வாயில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். "அக்கா, காலையில கழுத்துப்பட்டி ரிப் துணி கலர் மாறியிருக்குன்னு நிறுத்தினீங்க பாருங்க, அதனாலதான் 300 பீஸ் தப்பிச்சுது." அவ்வளவு போதும். என்ன செய்தார், அதனால் என்ன ஆனது, நீங்கள் அதைப் பார்த்தீர்கள், மூன்றுமே அதில் வந்துவிட்டது. 'சூப்பர்', 'குட் ஜாப்' எல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், அதனால்தான் யாருக்கும் ஒட்டுவதில்லை. அன்றைக்கே, மெஷின் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். சனிக்கிழமை சம்பளக் கவரோடு சேர்த்துச் சொன்னால் காசுக் கணக்குதான் காதில் விழும்.

நான் பெரிதாகச் சொதப்பியது இங்கேதான். ஷிப்மென்ட் நெருக்கடி, ஒரு டைலரிடம் போய் நல்லா தைக்கிறீங்கக்கா, நீங்க இல்லைன்னா லைனே ஓடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு அதே மூச்சில் "இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட் இருந்துடுங்க" என்றேன். அவர் இருந்தார். ஆனால் அப்புறம் நான் எப்போது பக்கத்தில் போனாலும், நான் வாயைத் திறப்பதற்குள் "எத்தனை மணி வரைக்கும்ங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நன்றி சொல்லப் போனால் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். வேலை கேட்பதென்றால் அது வேறு நேரம், வேறு பேச்சு. "ஆனா ஒண்ணு..." என்று குறை சொல்லத் தொடங்குவதும் இதே கதைதான்.

எல்லோர் முன்னாலும் பாராட்டலாமா என்றால், ஆளைப் பார்த்துச் செய்யுங்கள். ஒரு பெண்ணை லைன் முழுக்கக் கேட்கும்படி பாராட்டினேன், 'சூப்பர்வைசருக்கு வேண்டிய ஆள்' என்று ஒரு வாரம் கிண்டல் செய்து அழ வைத்துவிட்டார்கள்.

ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். அதைக் கொடுக்காமல் இனிக்க இனிக்கப் பேசினால் அதற்கு நன்றி என்று பெயரில்லை.

அப்புறம் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புரொடக்‌ஷன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் யாரிடம் என்றைக்குச் சொன்னேன் என்று பெயரும் தேதியும் மட்டும் எழுதி வந்தேன். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் டைலர்கள் பெயர்தான் திரும்பத் திரும்ப. கைமடி ஆட்கள் (டைலர்களுக்குக் கைவேலையில் உதவுபவர்கள்) ஒருவரோ இருவரோ. அயர்ன் போடும் அண்ணன் பெயர் ஒரு தடவைகூட இல்லை, அவர் நின்றதோ என் டேபிளிலிருந்து பத்தடி தள்ளித்தான்.