மட்டக்களப்பில் வளவு விட்டு வந்தவர்களுக்கு

இரண்டு கிழமை லீவில் ஊருக்குப் போனாலும், மாமாங்கப் பிள்ளையாரைக் கும்பிட்ட கையோடு, உங்கள் காணி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்க்கக் காணிப் பதிவகத்துக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். மட்டக்களப்புக் காணி என்றால் டவுனில், கல்முனைப் பக்கமென்றால் கல்முனையில். உறுதியில் (காணிப் பத்திரத்தில்) உள்ள பதிவு எண்ணைக் கொடுத்து, பதிவேட்டில் உங்கள் காணிக்குரிய பக்கத்தின் பிரதி எடுங்கள். கடைசி வரியில் யார் பெயர் என்பதுதான் விசயம். எங்கள் கல்லடி வளவின் பக்கத்தைப் புரட்டியபோது, அப்பாவின் பெயருக்குக் கீழே வேறொரு கையெழுத்தில் பதிவு. நெஞ்சு திக்கென்றது. வாசித்தால், அவர் எப்போதோ வைத்து மீட்ட ஈடு, அதாவது அடமானம்!

பதிவகம் உறுதியைப் பதியுமே தவிர, எழுதிக்கொடுத்தவர் சொந்தக்காரர்தானா என்று துருவாது. கள்ள உறுதி நுழைகிற ஓட்டை அதுதான். உறுதி எழுத நொத்தாரிசும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்ற மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1840 ஆம் ஆண்டினது. அதையும், நொத்தாரிசு, அற்றோனித் தத்துவச் (உங்களுக்காக இன்னொருவர் செயற்பட நீங்கள் எழுதிக்கொடுக்கும் அதிகாரம்) சட்டங்களையும் 2022 இல் திருத்தினார்கள். நல்லதுதான். ஆனால் நொத்தாரிசும் சாட்சியும் கூட்டென்றால்? உறுதியை மட்டுமல்ல, காணி யாருடையது என்ற உரித்தையே பதியும் முறைக்கு 1998 இல் சட்டம் வந்தது. கையில் இருப்பது பழைய உறுதியென்றால் அந்தக் காவல் உங்களுக்கில்லை.

அதனால் சட்டத்தரணி மூலம் ஒரு கேவியட் போட்டுவிடுங்கள். அது நடைமுறையில் இருக்கும்வரை, உங்கள் காணிமேல் யாராவது உறுதி பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். எழுதிய உறுதியைப் பதியாமல் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். பிறகு அதே காணியைக் காசு கொடுத்து வாங்கி உங்களுக்கு முந்திப் பதிந்தவரின் உறுதி மேலோங்கிவிடும். உறுதி தொலைந்திருந்தால் பதறத் தேவையில்லை, இணைப்பிரதி பதிவகத்துக்குப் போயிருக்கும்.

அற்றோனித் தத்துவத்தை ஒரு காணிக்கு, ஒரு வேலைக்கு என்று மட்டும் கொடுங்கள். மச்சானாக இருந்தாலும்தான். கொடுத்தவர் இறந்தால் அது செத்துவிடும். இறந்த அப்பாவின் தத்துவத்தைக் காட்டி யாராவது விற்க வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

வளவைப் பார்க்க ஆள் விட்டிருந்தால் சிறு வாடகையாவது போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏனென்றால், சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராகப் பத்து வருசம் தடையின்றி ஆண்டவர், காணி தனதென்று ஆட்சியுரிமை கேட்க 1871 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது.

வெளிநாட்டுப் பாஸ்போட் மட்டும் இருந்தால், 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி புதிதாக வாங்குவது கடினம். பெற்றோர் வழி உரித்துக்குத் தடையில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால், பேர்மிட் காணியா (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா) என்று முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். செயலாளரின் அனுமதி இல்லாமல் அதற்கு எழுதிய உறுதி செல்லாது.