கடலில் சிக்கிய சால்மன் எந்த ஆற்று மீன்? மரபணு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சால்மன் பெரும்பாலும் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பிப் போய் முட்டையிடும். சில மீன்கள் வழிமாறிப் போவதும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இப்படி நடப்பதால் ஒவ்வொரு ஆற்று மீன்கூட்டத்திலும் அல்லீல்களின் (ஒரே மரபணு இடத்தில் வரும் மாற்று வடிவங்களின்) விகிதம் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. ஆறுகளில் முட்டையிட வந்த மீன்களின் டிஎன்ஏவைச் சேர்த்து முதலில் ஒரு பேஸ்லைன், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் தொகுப்பு, கட்டுகிறோம். பெரிங் கடலிலோ அலாஸ்கா வளைகுடாவிலோ வலையில் சிக்கிய சம் என்ற இனச் சால்மனை அதோடு ஒப்பிட்டால், அது யூகான் ஆற்று மீனா, கனடாவின் ஃபிரேசர் ஆற்று மீனா, ஜப்பானின் ஹொக்கைடோ குஞ்சுப் பண்ணையில் பொரித்ததா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குட்டித் துண்டுகள்) காலத்தில் நாங்கள் செய்த அதே தப்புகளை இப்போது எஸ்என்பி (டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறும் இடம்) வைத்துச் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். லேபிள் மாறுவது, கத்தரியைத் துடைக்காமல் டிஎன்ஏவுக்காக அடுத்த மீனின் துடுப்பை வெட்டுவது, குப்பியில் ஆல்கஹால் வற்றிப்போவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. எந்தக் கையேட்டிலும் அவை இருக்கின்றன.

ஒரே மடுவில் குஞ்சு அள்ளுவது

முட்டையிட வரும் பெரிய மீன்களைப் பிடிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கரடியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குஞ்சு என்றால் ஓரத்தில் ஒரு வலை இழுப்பில் வாளி நிறைந்துவிடும். ஆனால் அந்த வாளியில் இருப்பவை நாலைந்து தாய்களின் பிள்ளைகளாக இருக்கலாம். அப்போது நீங்கள் அளந்தது ஆற்றின் அல்லீல் விகிதத்தை அல்ல, சில குடும்பங்களின் விகிதத்தை. மரபியலாளர்கள் ஆலென்டார்ஃபும் ஃபெல்ப்ஸும் இதை 1981லேயே எழுதிவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் மென்பொருளில் உடன்பிறப்புகளைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் நீக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. சின்ன ஓடைகளில் உடன்பிறப்புகள் இருப்பதுதான் இயல்பு, ஒன்றுவிடாமல் நீக்கினால் விகிதம் வேறு பக்கம் கோணும். ஆற்றின் பல இடங்களில், பல ஆண்டுகளில், முடிந்தவரை முட்டையிட வந்த மீன்களிடமே எடுங்கள்.

எஸ்என்பிகளைத் தேர்ந்தெடுத்த மீன்களிலேயே சோதித்துப் பார்ப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் தீராத தவறு இதுதான்.

வேலை பொதுவாக இப்படி நடக்கும். பேஸ்லைன் மீன்களை சீக்வென்ஸ் செய்தால் ஆயிரக்கணக்கில் எஸ்என்பி கிடைக்கிறது. கடலில் பிடித்த ஒவ்வொரு மீனுக்கும் அத்தனையும் பார்க்கக் காசு போதாது. அதனால் ஆறுகளுக்கிடையே அதிக வித்தியாசம் காட்டும் சில நூறு எஸ்என்பிகளைப் பொறுக்கி ஒரு பேனல் செய்வார்கள். இதுவரை சரி. அப்புறம் அதே மீன்களை அந்தப் பேனலில் ஓட்டி, எத்தனை மீன் தன் சொந்த ஆற்றுக்குப் போய்ச் சேருகிறது என்று பார்ப்பார்கள். கிட்டத்தட்ட எல்லாமே சரியாகச் சேர்ந்துவிடும். ஸ்லைடில் பெரிய சதவீதம், அறையில் கைதட்டல்.

இந்தச் சதவீதம் எவ்வளவு பொய் சொல்லும் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே ஆற்றில் ஒரே வாரத்தில் பிடித்த 100 மீன்களை எடுங்கள். குலுக்கல் முறையில் 50, 50 ஆகப் பிரித்து, ஒரு பாதிக்கு ‘வடக்காறு’, மறுபாதிக்கு ‘தெற்காறு’ என்று பெயர் வையுங்கள். 10,000 எஸ்என்பிகளில் இரண்டு பாதிக்கும் அதிகம் வேறுபடும் 96ஐப் பொறுக்குங்கள். வெறும் தற்செயலால் வந்த வேறுபாடுதான் அது. பிறகு அதே 100 மீன்களை மென்பொருளிடம் கொடுத்தால், இல்லாத இரண்டு ஆறுகளையும் அது பிசகில்லாமல் பிரித்துக் காட்டும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், “நாங்கள் ஒரு மீனை விலக்கிவிட்டுத்தான் சோதித்தோம்.” எந்த மீனைச் சோதிக்கிறார்களோ அதை மட்டும் பேஸ்லைனிலிருந்து எடுத்துவிட்டு விகிதம் கணக்கிடுவது நல்ல முறைதான். ஆனால் எஸ்என்பிகளைப் பொறுக்கும்போதே அந்த மீனும் கணக்கில் இருந்ததே! அந்த மீனின் தற்செயலான அல்லீல்களும் சேர்ந்துதான் எந்த எஸ்என்பி பேனலுக்குள் வரும் என்று முடிவு செய்தன. விகிதக் கணக்கில் மட்டும் அதை விலக்கி என்ன பயன்? மேலே சொன்ன பொய் ஆறுகளைக்கூட இந்த முறை பெருமளவு பிரித்துக் காட்டும். மீன் மரபியல் ஆய்வாளர்கள் எரிக் ஆண்டர்சனும் ராபின் வேப்பிள்ஸும் 2010ல் தனித்தனியே இதை எழுதினார்கள். அதற்குப் பிறகும் நடக்கிறது.

ஆறுகளுக்கிடையே நிஜ வித்தியாசம் பெரிதாக இருந்தால் சேதம் குறைவு. ஃபிரேசர் ஆற்றின் வெவ்வேறு ஏரிகளில் வளரும் சாக்ஐ இனச் சால்மன்களைப் பிரிக்க இந்தத் தவறு பெரிதாகக் கெடுக்காது. வித்தியாசம் சொற்பமான இடத்தில்தான் அடி விழும், அந்த இடத்துக்குத்தான் எல்லோரும் புதுப் பேனல் செய்கிறார்கள். மேற்கு அலாஸ்காவின் சம் இதற்கு நல்ல உதாரணம். கீழ் யூகான், குஸ்கோக்விம், பிரிஸ்டல் விரிகுடாவின் நுஷாகாக் ஆகிய ஆறுகளின் மீன்களெல்லாம் மரபணுவில் அவ்வளவு நெருக்கம். அதனால்தான் கடல் மாதிரிகளின் அறிக்கைகளில் ‘கடலோர மேற்கு அலாஸ்கா’ என்று ஒரே தொகுப்பாகப் போடுகிறார்கள். அதை உடைத்துக் காட்டினால் பெயர் கிடைக்கும் என்ற ஆசை யாரை விட்டது?

ஒரு குழு அப்படி உடைத்துவிட்டதாகப் பேனலோடு வந்தது. தேர்வுக்குப் பயன்படுத்தாமல் தள்ளிவைத்த மீன்கள் எவை என்று கேட்டேன். அப்படி எதுவும் இல்லை. அடுத்த பருவத்தில் வந்த புது மீன்களை ஓட்டியபோது குஸ்கோக்விம் மீன் நுஷாகாக்குக்கும் நுஷாகாக் மீன் குஸ்கோக்விமுக்குமாகப் போய் விழுந்தன. அதற்குள் பிரைமர் (எஸ்என்பிகளைப் படிக்க வேண்டிய குட்டி டிஎன்ஏ துண்டுகள்) வாங்கிய பணம் போயாச்சு. பழைய துடுப்புத் துண்டுகளில் பாதி கரைத்துத் தீர்ந்திருந்தன, அவற்றை மறுபடி யார் தருவார்?

பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. 2021ல் பெரிங் கடலில் பொல்லாக் என்ற மீனைப் பிடிக்கும் கப்பல்களின் இழுவலையில் 5 லட்சத்துக்கும் அதிகமான சம் தவறிச் சிக்கியது. அதே ஆண்டு யூகானில் சம் வரத்து படுத்துவிட, ஆற்றங்கரை மக்கள் தங்கள் சாப்பாட்டுக்குப் பிடிப்பதற்குக்கூடத் தடை வந்தது. சிக்கியதில் பெரும்பகுதி ஆசிய மீன், கடலோர மேற்கு அலாஸ்கா மீன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று மரபணு ஆய்வு சொன்னது. அந்தப் பங்கை வைத்துத்தான் கப்பல் தரப்பும் ஆற்றங்கரை மக்கள் தரப்பும் வாதாடுகின்றன. அங்கே இப்படித் தப்பான பேனலின் எண் ஒன்று நுழைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தவிர்ப்பது கஷ்டமே இல்லை. தரவைத் திறக்கும் முன்பே ஒவ்வொரு ஆற்றிலும் ஒரு பகுதி மீன்களைத் தள்ளிவையுங்கள். மீதியை வைத்து எஸ்என்பி பொறுக்குங்கள். தள்ளிவைத்தவற்றை மட்டும் சோதியுங்கள். விகிதம் கணக்கிட இரண்டு பகுதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம், சோதிக்கும் மீனை மட்டும் விலக்கினால் போதும். தள்ளிவைத்த மீன்கள் வேறு ஆண்டில் பிடித்தவையாக இருந்தால் இன்னும் நல்லது. தேர்வுக்கு எடுத்தவற்றின் உடன்பிறப்புகள் அதில் இருந்தால் மறுபடி அதே கதைதான்.

பிங்க் சால்மனில் ஒற்றை ஆண்டையும் இரட்டை ஆண்டையும் கலப்பது

கூடாது. இரண்டே வருட ஆயுள், இரண்டு வரிசையும் கலப்பதில்லை. ஒரே ஆறாக இருந்தாலும் இரண்டு பேஸ்லைன்.

இரட்டித்த மரபணுப் பகுதிகள்

சால்மனின் மூதாதையில் முழு ஜீனோமும் ஒருமுறை இரட்டித்தது. ஓர் எஸ்என்பியில் ஏறக்குறைய எல்லா மீனும் இரண்டு அல்லீலையும் காட்டினால், இரட்டித்த இரண்டு இடங்களை ஒன்றாகப் படிக்கிறீர்கள் என்று பெரும்பாலும் அர்த்தம்; சந்தோஷப்படாமல் தூக்கிப் போடுங்கள்.

பேஸ்லைனில் இல்லாத ஆறு

மென்பொருள் “தெரியாது” என்று தானாகச் சொல்லாது. ஒரு ரஷ்ய ஆற்றை நீங்கள் சேர்க்கவில்லை என்றால், அந்த ஆற்று மீனை இருப்பவற்றில் நெருக்கமான ஏதோ ஒன்றின் தலையில் கட்டிவிடும், அதுவும் 99 சதவீத நிகழ்தகவோடு. அந்த 99க்கு அர்த்தம், கொடுத்த பட்டியலுக்குள் இதுதான் பொருத்தம் என்பது மட்டுமே. மீனின் மரபணு வகை அந்த ஆற்றில் எதிர்பார்க்கக்கூடியதுதானா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ரூபியாஸ் போன்ற மென்பொருளில் அதற்கு இசட் மதிப்பு (எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்) தருகிறார்கள். அந்தப் பத்தியைத் திறந்தே பார்க்காதவர்கள் அதிகம்.

மீன் மீனாக எண்ணிக் கூட்டுவது

55 சதவீதம் யூகான் என்று வந்த மீனை முழு யூகான் மீனாக எண்ணாதீர்கள். கலவையின் விகிதத்தை மொத்தமாக மதிப்பிட்டு, பிழை வரம்போடு எழுதுங்கள். 1 சதவீதம் என்று வந்ததற்காக அந்த ஆற்று மீன் அங்கே இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

பிடித்த இடத்தைப் பாதையாக வரைவது

மரபணு சொல்வது மீன் பிறந்த இடத்தை. வலை சொல்வது அது அன்றைக்கு இருந்த இடத்தை. நடுவில் அது எங்கெல்லாம் போனது என்று இரண்டுமே சொல்லாது. ஆனாலும் வரைபடத்தில் ஆற்றுக்கும் வலைக்கும் நடுவே ஓர் அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள். பொல்லாக் கப்பல்களின் மாதிரியை மட்டும் வைத்து வரைந்தால், கிடைப்பது பொல்லாக் கப்பல்கள் போகும் வரைபடம்தான்.

பாதை வேண்டுமென்றால் பல மாதங்களில், பல இடங்களில், ஒரே மாதிரி வலை போட வேண்டும். 2019 பிப்ரவரி, மார்ச்சில் பல நாட்டு விஞ்ஞானிகள் ‘புரொஃபசர் ககனோவ்ஸ்கி’ என்ற ரஷ்யக் கப்பலில் அலாஸ்கா வளைகுடாவுக்குப் போனது அதற்காகத்தான். குளிர்காலத்தில் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதற்கு மீன்பிடிக் கப்பல்களின் தரவு கிடையாது. அந்தப் பயணத்தில் கையடக்க சீக்வென்சரை வைத்துக் கப்பலிலேயே கோஹோ இனச் சால்மன்கள் எந்த ஆற்றைச் சேர்ந்தவை என்றும் பார்த்தார்கள்.

செதிலைப் பார்த்து வயதையும் குறித்துக்கொள்ளுங்கள், முதல் குளிர்காலத்து மீனும் மூன்றாவது குளிர்காலத்து மீனும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. வலை போட்டும் ஒன்றும் சிக்காத இடங்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஆய்வுக் கப்பல்களில் அதை எழுதி வைத்திருப்பார்கள், மீன் சிக்கிய இடங்களை மட்டும்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.