ஸ்போர்ட்ஸ் டே அன்று டப்பாவில் என்ன வைக்கக்கூடாது: இங்கிலாந்து வரும் நெல்லைக்காரர்களுக்கு

பாளையங்கோட்டைப் பள்ளிகளில் ஸ்போர்ட்ஸ் டே என்றால் மார்ச் பாஸ்ட், கொடி, சிறப்பு விருந்தினர், மேடை நிறையக் கப்பு. இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளியில் அதைத் தேடாதீர்கள். ஜூனிலோ ஜூலையிலோ ஒரு வேலை நாளில், புல்தரையில் நடக்கும். நம்மூர் லெமன் ஸ்பூனுக்குப் பதில் கரண்டியில் முட்டை, பிறகு சாக்கு ஓட்டம், மூன்று கால் ஓட்டம். பல பள்ளிகளில் பரிசு ஒரு ஸ்டிக்கர்தான். 'பிள்ளை முதலில் வந்தானே, கப்பு எங்கே?' என்று டீச்சரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

தேதி பள்ளியின் ஆப்பில் வரும்; மழைக்கான மாற்றுத் தேதியும் இருந்தால் இரண்டுக்கும் லீவு சொல்லிவையுங்கள். ஹவுஸ் நிறத்தில் டி-ஷர்ட், தொப்பி, பெயர் எழுதிய தண்ணீர் பாட்டில். சன் க்ரீம் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் வீட்டிலேயே பூசி அனுப்புங்கள். டீச்சர்கள் பெரும்பாலும் பூசிவிட மாட்டார்கள். 'திருநெல்வேலி வெயிலையே பார்த்த உடம்பு' என்ற வீறாப்பெல்லாம் இங்கே செல்லாது. அடுத்த பிள்ளைகளும் இருக்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

ஸ்போர்ட்ஸ் டே முடிந்தாலும் பள்ளி ஜூலை மூன்றாம் வாரம்வரை உண்டு. சல்லிசாக டிக்கெட் கிடைக்கிறது என்று முன்கூட்டியே ஊருக்குக் கிளம்பி, ஐந்து பள்ளி நாள் அனுமதியில்லாமல் போனால், அபராதம் வரலாம்: அப்பாவுக்கு 80 பவுண்டு, அம்மாவுக்கு 80 பவுண்டு, அதுவும் பிள்ளைக்குப் பிள்ளை. 21 நாளில் கட்டாவிட்டால் 160.

நம்ம ஆட்கள் வசமாக மாட்டுவது சாப்பாட்டில்தான். அன்று மதியம் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லும் பள்ளிகள் பல. ஊரிலிருந்து வந்த பார்சலைப் பிரித்து, கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பது நமக்குக் கை தானாகச் செய்யும் காரியம். இங்கே அதைச் செய்யவே கூடாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து என்று பல பள்ளிகள் நிலக்கடலை, முந்திரி, பாதாம் எதையும் வளாகத்துக்குள் விடுவதில்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய் கூடாது என்பது யாருக்கும் புரியும். தூத்துக்குடி மக்ரூன்தான் வில்லங்கம். வெள்ளை வெளேரென்று கூம்பாக இருப்பதைப் பார்த்தால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வெறும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்துச் சுட்ட மெரிங் என்றுதான் தோன்றும். உள்ளே அரைத்த முந்திரி. அல்வாவிலும் முந்திரி கிடக்கும்.

அடுத்தது எள். மிளகாய்ப் பொடியில் வறுத்த எள், அதைக் குழைக்க நல்லெண்ணெய். நம் வழிப்பயண இட்லியே இதுதான். இந்த நாட்டுச் சட்டம் உணவில் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று வைத்திருக்கும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் எள்ளும் உண்டு, தாளிக்கிற கடுகும் உண்டு. வகுப்பில் யாருக்கு எது ஆகாது என்பது ஆபீஸில் கேட்டால்தான் தெரியும்.

'கடலை தின்று எவன் செத்தான்' என்று ஆச்சி போனில் சிரிப்பார். செத்திருக்கிறார்கள். கடலை தின்ற கையோடு ரிலே குச்சியைப் பிடித்தால் பிசுக்கு அடுத்த கைக்குப் போகும். சானிடைசர் அதை நீக்காது; சோப்பும் தண்ணீரும் வேண்டும், அல்லது ஈரத் துடைப்பான்.

என்ன வைக்கலாம்? எலுமிச்சைச் சாதத்தில் நிலக்கடலைக்குப் பதில் கடலைப்பருப்பு, எண்ணெய் சூரியகாந்தி. கடுகு ஆகாத பிள்ளை இருந்தால் சீரகம் தாளியுங்கள். தயிர்சாதம் என்றால் ஐஸ் பேக்கோடு. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், முழுசாக வைத்தால் தொண்டையில் அடைக்கும் என்று திருப்பி அனுப்புவார்கள். இந்தியக் கடைப் பாக்கெட் என்றால் பின்பக்கத்தில் 'கடலை கலந்திருக்கலாம்' என்ற பொடி எழுத்தையும் பாருங்கள். நேரமில்லை என்றால் பள்ளிச் சமையலறையிலேயே பொட்டலம் கேட்கலாம். ரிசப்ஷன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) முதல் இரண்டாம் வகுப்புவரை காசு கிடையாது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தெரியாமல் வைத்து அனுப்பிவிட்டால் உடனே ஆபீஸுக்குப் போன் போடுங்கள். டப்பாவை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளைக்கு வேறு சாப்பாடு கொடுப்பார்கள். வேறொரு பிள்ளை ஏற்கெனவே தின்றுவிட்டது என்றால், உதடு வீங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காமல், என்ன தின்றது, எத்தனை மணிக்கு என்று பக்கத்தில் நிற்கும் டீச்சரிடம் அந்த நொடியே சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால், அதற்குப் போட வேண்டிய அட்ரினலின் ஊசி பள்ளியில்தான் இருக்கும்.